பதிவேட்டில் எழுதப்படாத நேரம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு தொழில் நிறுவனத்தின் ஊதியப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். மாதந்தோறும் வருகைப் பதிவேட்டைக் கூட்டி, விடுப்பைக் கழித்து, சம்பளப் பட்டியல் தயாரித்துக் கையெழுத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. அந்தப் பதிவேட்டின்படி பேக்கிங் பிரிவில் இருந்த 41 பேரும் எல்லா நாளும் காலை 9 மணிக்கு வந்தார்கள், மாலை 6 மணிக்குப் போனார்கள். ஒருவரும் ஐந்து நிமிடம் முந்தியதில்லை, பிந்தியதில்லை. பேனா ஒன்று, எழுத்தின் சாய்வும் ஒன்று. மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதி முடித்த பக்கங்கள் அவை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். மாலை ஏழரை மணிக்கு நான் கிளம்பும்போது அந்தப் பிரிவில் விளக்கு எரிந்துகொண்டிருப்பதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். இருந்தும், கூட்டல் சரியாக வந்ததால் வேலையும் சரியாக நடந்துவிட்டது என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அந்தப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்மணி என் மேசைக்கு வந்து, உள்ளங்கை அளவே இருந்த ஒரு குறிப்பேட்டை வைத்தார். "தம்பி, இதையும் ஒரு தடவை கூட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்றார். இரண்டு ஆண்டுகளாகத் தாம் உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் அவர் அதில் நாள்வாரியாக எழுதி வைத்திருந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு வாயில் காவலரிடம் போய், அவரிடமிருந்த நுழைவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ஒத்துப் பார்த்த நாட்களில் எல்லாம் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் வித்தியாசமில்லை. ஒரே கட்டடத்தில் ஒரே மாலைப் பொழுதுக்கு மூன்று கணக்குகள் இருந்தன. அவற்றில் பொய்யான ஒன்றைக் கொண்டுதான் நான் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னர் நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்ட ஆலோசனை சொல்வதையே தொழிலாக எடுத்துக்கொண்டேன். சட்டம் மாறும்போதெல்லாம் முதலாளிகளும் மனிதவளத் துறையினரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தப் படிவத்தை மாற்ற வேண்டும், நியமனக் கடிதத்தில் எந்த வரியைத் திருத்த வேண்டும், அறிவிப்புப் பலகையில் எதை ஒட்ட வேண்டும். அவை தேவையான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு முன்பாக நான் அவர்களுடைய வருகைப் பதிவேட்டைக் கேட்கிறேன். மிகைநேர ஊதியம், குறைந்தபட்சக் கூலி, வார ஓய்வு, இடைவேளை, இரவுப் பணி, ஈட்டிய விடுப்பு என்று எந்தச் சட்டப் பிரிவை எடுத்தாலும், மனிதர் எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்கினார், எத்தனை மணிக்கு முடித்தார் என்ற அடிப்படைத் தகவல் உண்மையாக இல்லாவிட்டால் அதன்மேல் கட்டும் கணக்கு எதுவும் நிற்காது. சட்டம் நூறு முறை திருத்தப்பட்டாலும் பொய்ப் பதிவேடு அந்த நூறு திருத்தங்களையும் செயலற்றதாக்கிவிடும்.

இது இன்று நேற்றுத் தோன்றிய சிக்கல் அன்று. 1833-ஆம் ஆண்டு பிரிட்டனில் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் 9 முதல் 13 வயது வரையுள்ள குழந்தைகளின் வேலை நேரத்தை நாளுக்கு 9 மணியாகக் குறைத்து, அதைக் கண்காணிக்க நாடு முழுமைக்கும் நான்கே ஆய்வாளர்களை நியமித்தது. ஆலை உரிமையாளர்கள் குழந்தைகளை மாற்றி மாற்றி வேலைக்கு நிறுத்தியபோது, எந்தக் குழந்தை எப்போது உள்ளே வந்தது என்பதை ஆய்வாளரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆலைக்குள் இருந்த கடிகாரமோ முதலாளியின் கையில் இருந்தது. எனவே 1844-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது. பாதுகாக்கப்பட்ட அனைவருடைய வேலை நேரத்தையும், காலையில் அவர்களில் முதலாமவர் வேலையைத் தொடங்கிய நொடியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றது. அந்த நேரத்தைப் பொதுக் கடிகாரம் ஒன்றையோ, பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் வேறொரு கடிகாரத்தையோ கொண்டு முறைப்படுத்த வேண்டும் என்றது. நேரத்தை அளக்கும் கருவி ஒரு தரப்பின் பிடியில் மட்டும் இருக்கும்வரை நேர வரம்புக்குப் பொருளில்லை என்பதைச் சட்டம் செய்தவர்கள் பதினோரு ஆண்டு அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள். தொழிலாளர் சட்ட வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பொதுக் கடிகாரத்தை ஒரு சட்டத்தின் வாசகத்துக்குள் கொண்டுவந்தவர், ஏதோ ஓர் ஆலை வாசலில் நின்று ஏமாந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

1919-ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வாஷிங்டனில் கூடி ஏற்றுக்கொண்ட முதல் உடன்படிக்கையே வேலை நேரம் பற்றியது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே உடன்படிக்கையின் எட்டாம் பிரிவைப் பலர் படித்ததில்லை. வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும், கூடுதலாகச் செய்த ஒவ்வொரு மணிக்கும் பதிவு இருக்க வேண்டும் என்று அது முதலாளியைப் பணிக்கிறது. மிகைநேரத்துக்கு வழக்கமான கூலியைப்போல் குறைந்தது ஒன்றேகால் மடங்கு தர வேண்டும் என்ற விதியையும் இந்தப் பதிவையும் ஒரே மூச்சில்தான் எழுதியிருக்கிறார்கள்.

பதிவு இல்லாவிட்டால் யாருக்கு நட்டம் என்ற கேள்விக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் 1946-இல் தந்த விடையை ஒவ்வொரு முதலாளியும் அறிந்திருக்க வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மண்பாண்டத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள், நேர அட்டையைக் கருவியில் குத்திய பிறகு தங்கள் இடத்துக்கு நடந்து சென்று வேலைக்கு ஆயத்தமாகும் நேரத்துக்கும் கூலி கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். சரியான பதிவு வைத்திருக்க வேண்டிய கடமை முதலாளியுடையது. அவர் வைக்கவில்லை என்றால், தொழிலாளி தம் வேலை நேரத்தை நியாயமான அனுமானத்துக்கு இடம்தரும் அளவு மெய்ப்பித்தால் போதும், அதை மறுக்கும் சுமை முதலாளிமேல் விழும் என்று நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றி, அப்படி நடந்து செல்லும் நேரத்துக்கு ஊதியம் கேட்கும் உரிமையைப் பெரிதும் சுருக்கிவிட்டது. ஆயினும் பதிவு பற்றிய அந்த நெறி அப்படியே நின்றது. கோழி, பன்றி இறைச்சி ஆலைகளைப் போன்ற இடங்களில் பாதுகாப்பு உடையை அணியவும் களையவும் ஆகும் நேரம் பற்றிய வழக்குகளில் அதுவே திரும்பத் திரும்ப வருகிறது; 2016-இலும் உச்சநீதிமன்றம் அதை எடுத்துக்காட்டியே தீர்ப்பளித்தது. ஆகவே பதிவேட்டை வெறுமையாக விட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர், எதிராளியின் குறிப்பேட்டைச் சான்றாக ஏற்றுக்கொள்ளும்படி தாமே நீதிமன்றத்தை அழைக்கிறார்.

எந்த நேரத்தையெல்லாம் பதிய வேண்டும் என்ற கேள்வி ஐரோப்பாவில் 2019-ஆம் ஆண்டு மே 14 அன்று தீர்ந்தது. ஸ்பெயினில் ஒரு தொழிற்சங்கம் ஒரு வங்கியின்மேல் தொடுத்த வழக்கில், மிகைநேரத்தை மட்டும் பதிந்தால் போதாது, ஒவ்வொரு ஊழியரின் நாள்வாரி வேலை நேரத்தையும் அளக்கும், புறநிலையான, நம்பத்தகுந்த, எளிதில் அணுகக்கூடிய ஓர் ஏற்பாட்டை முதலாளிகள் அமைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதிலுள்ள தர்க்கம் எளியது: வழக்கமான நேரம் எவ்வளவு என்று தெரியாமல் எது மிகை என்று எப்படிச் சொல்வது? ஸ்பெயின் அதற்குச் சில நாட்கள் முன்பே நாள்வாரிப் பதிவைக் கட்டாயமாக்கி, அதை நான்கு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், ஊழியரும் அவருடைய பிரதிநிதிகளும் ஆய்வாளரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்திருந்தது. ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றமும் 2022 செப்டம்பரில் அதே கடமையைத் தன் நாட்டுச் சட்டத்திலிருந்தே கண்டெடுத்தது. அந்த மூன்று அடைமொழிகளில், எளிதில் அணுகக்கூடிய என்பதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஊழியர் தம் பதிவைத் தாமே பார்க்க முடிந்தால், பிழை அந்த வாரமே திருத்தப்படும். பார்க்க முடியாவிட்டால், அது இரண்டு ஆண்டு நிலுவையாகக் குவிந்து வழக்காக வந்து நிற்கும்.

வேலை நேரம் எது என்பதிலும் நாடுகளுக்குள் கருத்து ஒன்றில்லை. சட்ட மாற்றங்களைப் பின்பற்றுவதில் முதலாளிகள் மிகவும் தடுமாறுவது இங்கேதான். கிடங்கில் வேலை முடிந்து வெளியேறும் ஊழியரைச் சோதனைக்காக வரிசையில் நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2014-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தக் காத்திருப்புக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி ஊதியம் தர வேண்டியதில்லை என்றது. 2020-இல் கலிபோர்னியா மாநில உச்சநீதிமன்றம், கடை ஊழியர்களின் பைகளைச் சோதிக்கும் நேரம் மாநிலச் சட்டப்படி வேலை நேரமே, ஏனெனில் அப்போது அவர்கள் முதலாளியின் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள் என்றது. ஒரே நாடு, ஒரே மாதிரியான வரிசை, இரண்டு விடைகள். பிரிட்டனின் உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று, செயலிவழி வாடகைக் கார் ஓட்டுநர்கள் வழக்கில், தம் பகுதிக்குள் செயலியைத் திறந்து வைத்துச் சவாரி ஏற்க ஆயத்தமாக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்று உறுதி செய்தது. ஓட்டுநர்கள் தனித்தொழில் செய்பவர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது அங்கே எடுபடவில்லை. நடைமுறையில் யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதையே நீதிபதிகள் பார்த்தார்கள்.

வேலை நேரத்துக்குப் பிறகு வரும் தொலைபேசி அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் இதே கணக்கில் சேர்ந்தவை. 2017 முதல் பிரான்சிலும், 2024 ஆகஸ்ட் 26 முதல் ஆஸ்திரேலியாவிலும் அவற்றிலிருந்து விலகியிருக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. ஆஸ்திரேலியாவில் 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே ஊதியத்தைக் குறைத்துத் தருவது குற்றவியல் வழக்குக்கு உரியதாகிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரவு பத்து மணிச் செய்திக்கு விடை எழுதிய அந்த இருபது நிமிடம் எந்தக் கட்டத்தில் எழுதப்படும் என்பதை நிறுவனங்கள் இப்போதே தீர்மானித்தாக வேண்டும்.

ஊதியக் கணக்குக்கு மட்டும் பதிவு தேவை என்று எண்ணுவோருக்கு ஜப்பானை நினைவூட்டுவேன். மிகையான வேலையால் நேரும் மரணத்துக்கு அந்த மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது. 2018-இல் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம், மிகைநேரத்துக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று பொது வரம்பு வைத்தது. சிறப்புச் சூழலிலும் ஆண்டுக்கு 720 மணியைத் தாண்டக்கூடாது என்றது. பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும், சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அடுத்த ஆண்டிலும், சரக்கு வாகன ஓட்டுநர், மருத்துவர், கட்டடத் தொழிலாளர் ஆகியோருக்குச் சில மாறுதல்களோடு 2024 ஏப்ரலிலும் அது நடைமுறைக்கு வந்தது. கூடவே, மிகைநேர ஊதியத்துக்கு உரிமையில்லாத மேலாளர்களின் வேலை நேரத்தையும் புறநிலையான முறையில் அறிந்துவைத்திருக்க வேண்டும் என்ற கடமை சேர்க்கப்பட்டது. எத்தனை மணி வேலை செய்கிறார் என்று தெரிந்தால்தான் அவரை எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரியும். மேலாளருக்கு எதற்கு வருகைப் பதிவு என்று என்னிடம் சலித்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுவே.

சட்டம் புதிதாக வரும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். அறிவிக்கையைப் படித்து முடித்ததும் வழக்கறிஞரைத் தேடி ஓடாமல், முதலில் ஒரு மாலைப் பொழுதை அந்த நிறுவனத்தின் வாயிலில் கழிக்கிறேன். யார் எப்போது போகிறார்கள் என்று பார்க்கிறேன். பிறகு ஒரே வாரத்துக்கான நான்கு பதிவுகளைப் பக்கத்தில் பக்கமாக வைக்கிறேன்: வாயில் நுழைவுப் புத்தகம், வருகைப் பதிவேடு, கணினியில் உள்நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும், சம்பளச் சீட்டு. நான்கும் ஒத்துப்போனால், புதிய சட்டத்தை நடைமுறைப்படுத்துவது கணக்கரின் ஒரு வார வேலை. ஒத்துப்போகாவிட்டால், அந்த இடைவெளிக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிய படிவம் அச்சடிப்பதில் பயனில்லை. காரணம் பெரும்பாலும் தீய எண்ணமாக இருப்பதில்லை. மிகைநேரத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்ற விதி இருக்கும். அனுமதி கேட்டால் கடிந்துகொள்ளும் மேற்பார்வையாளர் இருப்பார். அவருக்குக் கீழே உற்பத்தி இலக்கு மட்டும் குறையாமல் இருக்கும். அந்த மூன்றுக்கும் நடுவே அகப்பட்டவர், ஆறு மணிக்கு அட்டையைக் குத்திவிட்டு மறுபடியும் உள்ளே போய் வேலை செய்கிறார். அனுமதி பெறாத மிகைநேரத்துக்கு நிறுவனம் அவரைக் கண்டிக்கலாம், நடைமுறையைத் திருத்தலாம். ஆனால் தெரிந்தே செய்யவிட்டு, அதன் பலனையும் பெற்றுக்கொண்டு, கூலியை மறுப்பது பல நாடுகளின் சட்டத்தில் செல்லாது. எனக்கு அது நேர்மையாகவும் படவில்லை.

நேரத்தைக் கால் மணி, அரை மணி என்று முழுமையாக்கிக்கொள்ளும் பழக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள், காலப்போக்கில் இரு தரப்புக்கும் சமமாக அமையும் என்றால் கால் மணி வரை முழுமையாக்குவதை ஏற்கின்றன. நடைமுறையில் நான் பார்த்த கணினி மென்பொருள்கள் சிலவற்றில், 8.52-க்கு வந்தவருக்கு 9 மணி என்றும் 6.13-க்குப் போனவருக்கு 6 மணி என்றும் இரண்டு முனையிலும் நிறுவனத்தின் பக்கமே சாய்த்து அமைத்திருந்தார்கள். நாளுக்கு 21 நிமிடம், மாதம் 25 நாள் என்று கணக்கிட்டால் ஒருவருக்கு எட்டே முக்கால் மணி, அதாவது ஒரு முழு நாள் உழைப்பு போய்விடுகிறது. மென்பொருளை நிறுவியவருக்கு அது ஒரு தெரிவுக் கட்டம். அதை யார் குறியிட்டார் என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகும் கருவி இருக்கும்போது முழுமையாக்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து.

பதிவைத் திருத்த நேர்வது இயல்பு. மறந்துபோவார்கள், கருவி பழுதாகும். திருத்தும்போது பழைய எண் அழியாமல் இருக்க வேண்டும். யார், எப்போது, ஏன் திருத்தினார் என்பது பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஊழியருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பதிவேட்டை எந்த ஆய்வாளரும் நம்பமாட்டார்.

இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் 29 மத்தியச் சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததும், எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஊதியத்தின் புதிய வரையறை பற்றியவை. ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியத்தோடு சேரும் என்பதால் வைப்புநிதி எவ்வளவு கூடும், பணிக்கொடை எவ்வளவு கூடும் என்று நிறுவனங்கள் அட்டவணை போட்டுப் பார்த்தன. மிகைநேரத்துக்கு வழக்கமான ஊதியத்தைப்போல் இரு மடங்கு தர வேண்டும் என்ற விதியும் அதே சட்டத்தில் இருக்கிறது. மணிக்கணக்கு பொய்யாக இருந்தால் இரு மடங்கு எதற்கு இரு மடங்கு என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. சட்டத்தின் மொழி பெரிதாக மாறும் தருணங்களில் இந்தச் சிறிய கேள்வி எங்கும் இப்படித்தான் பின்னுக்குப் போகிறது.

ஒரு எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். நேரத்தைப் பதிவது நாளடைவில் மனிதரைக் கண்காணிப்பதாக மாறிவிடும் என்ற அச்சம் நியாயமானது. 2024 பிப்ரவரியில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், 38 பொழுதுபோக்கு மையங்களில் 2,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் வருகையை முக அடையாளத்தாலும் கைரேகையாலும் பதிந்துவந்த ஒரு நிறுவனத்தை அதை நிறுத்தும்படி ஆணையிட்டது. அடையாள அட்டையே போதுமாக இருந்த இடத்தில் உடலின் தரவைச் சேகரித்ததும், வேண்டாம் என்று சொல்ல ஊழியருக்கு உண்மையான வழி இல்லாததுமே காரணம். சட்டம் கேட்பது தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை ஆகியவற்றை மட்டுமே. அதைச் சாக்காக வைத்துத் திரையைப் படம் பிடிப்பதும், விசைப்பலகையைத் தட்டும் வேகத்தை எண்ணுவதும், கழிவறைக்குப் போன நேரத்தைக் குறிப்பதும் தனித்தனியாக நியாயப்படுத்தப்பட வேண்டியவை; என் ஆலோசனையில் நான் அவற்றை எப்போதும் மறுத்தே வந்திருக்கிறேன். தன் நேரத்தை உண்மையாக எழுத ஒரு வரி போதும்.

அந்தக் குறிப்பேட்டுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். நான் அதைக் கூட்டி, நுழைவுப் புத்தகத்தின் பக்கங்களோடு சேர்த்து என் மேலாளரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு நாள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் நிர்வாகத்திடம் எடுத்துச் சென்றார். குறிப்பேடு வைத்திருந்தவருக்கு மட்டும் நிலுவை கொடுத்து முடித்துவிடலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. மீதி 40 பேரும் அதே விளக்கின் கீழ்தான் நின்றார்கள் என்று மேலாளர் வாதிட்டார். இறுதியில் நுழைவுப் புத்தகத்தை அடிப்படையாக வைத்து 41 பேருக்கும் கணக்கிட்டோம். அது கிழிந்துபோன வாரங்களுக்கு, அந்தப் பெண்மணியின் குறிப்பேட்டிலிருந்த நேரத்தையே எல்லோருக்கும் எடுத்துக்கொண்டோம். நிலுவையைத் தந்த நாளில் குறிப்பேட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். "இன்னும் எழுதணுமா தம்பி?" என்று கேட்டார். எழுதிக்கொண்டே இருங்கள் அக்கா என்றேன்.

அடுத்த மாதம் பதிவேடு என் மேசைக்கு வந்தபோது அதில் 41 பேருடைய கையெழுத்தும் இருந்தது. 6.05, 6.47, 7.12 என்று மாலை நேரங்கள் முதன்முறையாகச் சிதறிக் கிடந்தன. கூட்டி முடிக்க எனக்கு இரண்டு நாள் கூடுதலாகப் பிடித்தது. அந்த இரண்டு மாலைகளிலும் நான் கிளம்பிய நேரத்தை என் பெயருக்கு எதிரே எழுதிவிட்டே போனேன்.